முதலில் மலை, பிறகு கடல்

நாள் 1: சுங்கை சிப்புட்

பசியாறி முடித்த கையோடு அப்பா நீல டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து கொல்லையில் நிறுத்தினார். மழைத்தண்ணீர் பிடிக்கிற டிரம். சின்னவன் ஐஸ் கடையிலிருந்து ஐந்து மூட்டை வாங்கி வந்து கொட்டினான். பெரியவள் சமையலறை வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். 28 டிகிரியில் இருந்த தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கி 15-இல் வந்து நின்றது.

ஆஸ்திரேலியப் பயணம் டிசம்பரில்தான். மெல்பர்னில் இறங்கி, வாடகைக் காடி எடுத்து, மார்னிங்டன் தீபகற்பத்தில் கூடாரம் போட்டு, அங்குள்ள துறைமேடைகளின் அடியில் முக்குளிக்க வேண்டும். பிறகு ஜீலாங்கில் கப்பலேறி தாஸ்மானியா. அங்கே பிச்செனோ, ஈகிள்ஹாக் நெக். அது அங்கே கோடைக்காலம்தான். ஆனாலும் கடல் தண்ணீர் மார்னிங்டன் பக்கம் 18 டிகிரிக்கு முன்பின்னாக இருக்கும், தாஸ்மானியாவில் 15-ஐ ஒட்டி நிற்கும். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில், குழாயைத் திறந்தாலே 27, 28 டிகிரி. இந்த வித்தியாசத்தை அங்கே போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது, இங்கேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அதனால்தான் இந்தப் பள்ளி விடுமுறையில் ஓர் ஒத்திகைப் பயணம். அதே கூடாரம், அதே மூட்டை முடிச்சு, அதே ஐந்து பேர்: நான், என் வீட்டுக்காரர், பதினான்கு வயதுப் பெரியவள், பதினொரு வயதுச் சின்னவன், எழுபத்து நான்கு வயது அப்பா. நவம்பர் வந்துவிட்டால் வடகிழக்குப் பருவமழையில் கிழக்குக்கரைத் தீவுகள் மூடிவிடும். இப்போது விட்டால் அடுத்த ஆண்டுதான்.

நான் முக்குளிக்கத் தொடங்கி ஆறு ஆண்டு ஆகிறது. பெரியவள் போன ஆண்டு சான்றிதழ் வாங்கினாள். சின்னவன் ஈப்போவில் நீச்சல்குளப் பயிற்சியை முடித்துவிட்டான். கடலில் செய்ய வேண்டிய நான்கு டைவ் மட்டும் பாக்கி. என் வீட்டுக்காரருக்குத் தலை தண்ணீருக்கு மேலே இருந்தால்தான் நிம்மதி. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டியவர், கரையில் இருப்பவர்.

டிரம்முக்கு வருகிறேன். ஒவ்வொருவரும் முழங்கை வரை இரண்டு கையையும் ஐந்து நிமிடம் தண்ணீரில் வைத்திருக்க வேண்டும். எடுத்ததும் மிதவைச் சட்டையின் கொக்கியை மாட்டிக் கழற்ற வேண்டும். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டிவிட்டாள். சின்னவன் மூன்று தடவை முயன்றான். விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது. கொக்கி விரலுக்குள் சுழன்றதே தவிர மாட்டவில்லை.

அப்பா பேரன் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். "குளுரு மொதல்ல வெரலத்தாண்டா புடிக்கும். ஜனவரி மாசம் விடியக்காலையில பால்வெட்டுக்குப் போனா, உளி கையில நிக்காது. அந்த வெரலோட வெட்டுனா பட்டை போயி மரத்துல காயம் பட்டுரும். நாங்க மொதல்ல கைய அக்குள்ல வெச்சுச் சூடு பண்ணிட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போவோம்."

டைவிங் வகுப்பில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதுதான். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். உடம்பு நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றுவதற்காகக் கைகால்களுக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்துவிடும். கடலடியில் நாம் செய்கிற வேலை எல்லாமே விரல் வேலை. முகமூடியைச் சரிசெய்வது, காற்றளவைப் பார்க்கக் குழாயைப் பிடிப்பது, ஈயக்கட்டிப் பட்டையை அவிழ்ப்பது, எல்லாம்.

அடுத்தது முகம். குளிர்ந்த தண்ணீர் முகத்தில் பட்டதும் மூச்சு தானாக உள்ளே இழுக்கும். அந்த ஒரு நிமிடத்தைத் தாண்டிவிட்டால் மூச்சு அடங்கும். அதனால் இறங்குவதற்கு முன் கையால் அள்ளி முகத்திலும் பிடரியிலும் ஊற்றிக்கொண்டு, நீளமாக மூச்சை வெளியே விட்டுப் பழக வேண்டும். சின்னவன் இதில் அக்காவைவிட நன்றாகச் செய்தான். அந்தச் சந்தோஷத்தில் கொக்கியை மறந்துவிட்டான்.


நாள் 2: தோட்டத்துத் திடல்

கூடாரத்தை அப்பா வேலை செய்த தோட்டத்துத் திடலில் போட்டுப் பார்த்தோம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. லயங்களில் நான்கைந்துதான் மிச்சம். திடலும் கோயிலும் அப்படியே இருக்கின்றன.

முதல் தடவை 50 நிமிடம் ஆனது. இரண்டாவது தடவை, யார் எந்தக் கம்பி என்று பிரித்துக்கொண்டபின், 22 நிமிடம். இருட்டில் தலைவிளக்கோடு மூன்றாவது தடவை. வெளியூரில் மழையில் இறங்கினால் இதுதான் கைகொடுக்கும்.

கழற்றும்போதுதான் பெரிய வேலை. முளைகளிலும் கூடாரத் தரைத்துணியிலும் செம்மண் அப்பியிருந்தது. ஆஸ்திரேலியாவுக்குள் மண் ஒட்டிய கூடாரம், காலணி எதையும் கொண்டுபோக முடியாது. பயன்படுத்திய கூடாரம் இருக்கிறது என்று இறங்கும் படிவத்தில் எழுதியாக வேண்டும், உணவுப்பொருளையும் எழுதியாக வேண்டும். கருவாடு, வீட்டில் அரைத்த மசாலாத்தூள் எல்லாம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அடுப்புக்கு எரிவாயுக் குப்பியும் விமானத்தில் ஏறாது, அங்கேதான் வாங்க வேண்டும். டிசம்பரில் அங்கே காட்டுத்தீக் காலம். முழுத் தீத்தடை அறிவிக்கிற நாளில் விறகு மூட்டக் கூடாது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு மூன்று நாளைக்கும் ஒரு நாள் அடுப்பில்லாத சாப்பாடு என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம்.

பழைய பல்துலக்கியால் முளைகளைத் தேய்த்துக் கழுவியது அப்பாதான். ஒவ்வொன்றாக வெயிலில் காயவைத்து, எண்ணி, துணிப்பையில் போட்டார். பதினெட்டு.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் அதில்தான் பின்வாங்குகிறார்கள். 1960-இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்குவதற்காக மாதம் பத்து வெள்ளி கட்டியவர்களில் என் தாத்தாவும் ஒருவர். அவர்கள் கூலிக்கு அது சின்னப் பணமில்லை. இந்தப் பயணத்துக்கும் அதே வழிதான். மூன்று ஆண்டாக மாதாமாதம், யார் வருமானத்திலிருந்து எவ்வளவு என்று எழுதி வைத்து, ஒரு மாதமும் விடாமல். பிள்ளைகளின் தீபாவளிப் பணமும் அதில் இருக்கிறது. அதனால்தான் திட்டத்தில் அவர்களுக்கும் பேச உரிமை இருக்கிறது.


நாள் 3: கேமரன் மலை

சிம்பாங் பூலாய் வழியாக ஏறினோம். கம்போங் ராஜா வந்ததும் காடிக் கண்ணாடியை இறக்கினோம், குளிர்ந்த காற்று வந்தது. தேயிலைச் சரிவுகளை மூடுபனி மூடியிருந்தது. தானா ராத்தா பக்கம் ஓர் ஓடையோரம் கூடாரம் போட்டோம். இந்த முறை 20 நிமிடம்.

மலையில் முக்குளிக்கப் போவதில்லை. ஓடையில் இடுப்பளவுக் குட்டையில் 7 மில்லிமீட்டர் வெட்சூட், தலைமூடி, கையுறை, காலுறை எல்லாம் போட்டு உட்கார்ந்து பழகுவதற்காக. தண்ணீர் 17 டிகிரி. மார்னிங்டனில் எதிர்பார்ப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம்.

வெட்சூட் தண்ணீரை உள்ளே விடாது என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விடும். சூடு காப்பது அந்த ரப்பருக்குள் அடைபட்டிருக்கிற கோடிக்கணக்கான சின்னக் காற்றுக் குமிழ்கள். ஆனால் உள்ளே வந்த தண்ணீர் மறுபடி வெளியே ஓடினால் சூட்டையும் கொண்டுபோய்விடும். அதனால் அளவு பொருந்த வேண்டும். சின்னவனுக்கு ஒரு கடையில் வாடகைக்கு எடுத்த உடுப்பு முதுகில் ஒரு பிடி தொளதொளவென்று இருந்தது. "சிறுவர் அளவில் இதுதான் இருக்கு" என்றார்கள், நானும் வாங்கி வந்துவிட்டேன். அந்தத் தவறுக்கு அவன் பட்டான்.

பத்து நிமிடம் போனது. பெரியவள் கற்களுக்கு அடியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். "குளுருதாடா?" என்று கேட்டேன். "இல்லம்மா." பதினைந்து நிமிடம். "குளுருதா?" "இல்ல." சத்தமாகச் சொன்னான், அக்கா பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். உதடு நாவற்பழம் தின்றவன் மாதிரி இருந்தது.

கையுறையைக் கழற்றச் சொன்னேன். "கட்டை விரலால சுண்டு விரலத் தொடு." இது எளிய சோதனை. உடம்பு குளிர்ந்துவிட்டால் இந்த இரண்டும் சேராது. அவன் கட்டைவிரல் மோதிர விரல் வரை வந்து நடுங்கிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் நீட்டினான். வரவில்லை. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், தன் விரல் தன் சொல் கேட்காததை முதல் தடவையாகப் பார்க்கிறவன் மாதிரி. பிறகு கண் கலங்கிவிட்டது.

எல்லாரும் ஏறினோம். ஈர உடுப்பைக் கழற்றி, துடைத்து, காய்ந்த சட்டை, கம்பளித் தொப்பி, மேலே என் வீட்டுக்காரரின் கனத்த ஜாக்கெட். ஃபிளாஸ்கில் இருந்த இஞ்சித் தேநீர். அரை மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. அதற்குள் மூன்று தடவை ஒன்றுக்குப் போய்விட்டு வந்தான். அதுவும் குளிரின் வேலைதான். ரத்தம் நடு உடம்புக்குத் திரண்டதும், நீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்து சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. உடம்பில் நீர் குறைவது முக்குளிப்பவருக்கு நல்லதில்லை. அதனால் குளிரில்தான் அதிகம் குடிக்க வேண்டும்.

இரவு கூடாரத்தில் அவன் தூங்கிய பிறகு நாங்கள் மூவரும் பேசினோம். சிறு பிள்ளைகளுக்கு உடம்பு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடு போய்விடும். எனக்கு இது தெரியும். தெரிந்தும், அவன் "இல்ல" என்று சொன்னதை ஏற்றுக்கொண்டு ஐந்து நிமிடம் கூடுதலாக வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் சொன்னார், "அவன் சொல்லாததுக்குக் காரணம், ஏறினா அவன் மட்டும் ஏறணும்னு நெனச்சதுதான்."

காலையில் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். ஒருவர் ஏறினால் எல்லாரும் ஏறுவோம். இந்தக் குடும்பத்தில் யாருக்கு முதலில் குளிர்கிறதோ அவருக்குத்தான் அந்த டைவின் நேரத்தை முடிவு செய்கிற அதிகாரம். குளிருக்குச் சைகை, இரண்டு கையையும் மார்பில் குறுக்கே வைத்துத் தோளைத் தேய்ப்பது. பெரியவள் முகம் வாடியது. பிறகு தலையை ஆட்டினாள்.


நாள் 4: லோஜிங், குவா மூசாங், பெசுட்

மலையை முதலில் வைத்துக் கடலைப் பிறகு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அழுத்தத்தில் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேர்கிறது. மேலே வந்தபின் அது மெல்ல மெல்ல மூச்சு வழியாக வெளியேற வேண்டும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால், சோடா போத்தலைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழாகிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட டைவ் செய்திருந்தால் விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. மலைச்சாலைக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும் என்பதைக் காடியில் போகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். கிழக்குக்கரையில் காலையில் முக்குளித்துவிட்டு மாலையில் கேமரன் மலையில் ஸ்ட்ராபெரி சாப்பிடப் போகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

லோஜிங் இறக்கம், குவா மூசாங் சுண்ணாம்புக் குன்றுகள், கோலக்கிராய், மாச்சாங். நல்ல சாலை, நீளமான நாள். சின்னவனுக்கு இரண்டு தடவை வாந்தி. மாலையில் பெசுட்டில் புக்கிட் கெலுவாங் கடற்கரையில் கூடாரம் போட்டுவிட்டுச் சுடச்சுடக் குரோப்போக் லெக்கோர் வாங்கித் தின்றோம். தூங்கிவிட்டோம்.


நாள் 5, 6: பெர்ஹெந்தியான்

கோல பெசுட்டிலிருந்து படகு. தண்ணீர் 29 டிகிரி, அடி மணல் தெரிகிற தெளிவு.

சின்னவனின் நான்கு டைவும் பயிற்றுநரோடு இந்த இரண்டு நாளில் முடிந்தன. 10, 11 வயதுப் பிள்ளைகளுக்கு 12 மீட்டர்தான் எல்லை, அதுவும் பெற்றோரோடோ பயிற்றுநரோடோ. குழந்தையில் அவனுக்கு மூச்சிரைப்பு இருந்ததால் உடல்நலப் படிவத்தில் 'இல்லை' என்று கோடு போட்டுவிட்டு வரவில்லை. டாக்டரிடம் காட்டி, மூச்சுச் சோதனை செய்து, கையெழுத்து வாங்கிய பிறகுதான் நீச்சல்குளத்துக்கே அனுப்பினேன். இதில் அவசரப்படுகிற பெற்றோரை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. மூச்சுக்குழாய் சுருங்கி நுரையீரலில் காற்று மாட்டிக்கொண்டால், மேலே ஏறும்போது அந்தக் காற்று விரியும். அங்கே விளையாட்டுக்கு இடமில்லை.

எனக்கென்று ஒரு சோதனை வைத்திருந்தேன். இந்த வெந்நீரில் நான் மட்டும் 7 மில்லிமீட்டர் உடுப்பும் தலைமூடியும் கையுறையும் போட்டு இறங்குவது. படகில் மற்றவர்கள் அரைக்கால் சட்டையில் இருக்க நான் மட்டும் கறுப்பு மூட்டையாக உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் கழுத்து வழியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தார். தண்ணீரில் குதித்ததும் மூழ்கவில்லை. வழக்கமாக 3 மில்லிமீட்டர் உடுப்புக்கு 4 கிலோ ஈயக்கட்டி போதும். 6 வைத்தேன், மிதந்தேன். 8 வைத்தேன், தலை மட்டும் மேலே. 9 வைத்த பிறகுதான் இறங்கினேன்.

சீனி ஏற்றி வந்து மூழ்கிய கப்பல் ஒன்று அங்கே கிடக்கிறது, 18 மீட்டருக்குள். பெரியவளுக்கும் அதுதான் எல்லை. கயிற்றைப் பிடித்து இறங்கினோம். 5 மீட்டரில் நின்று என் கைப்பகுதியைக் கிள்ளிப் பார்த்தேன், கனமான ரப்பர் இரண்டு விரலுக்கு இடையில் மெத்தென்று இருந்தது. 16 மீட்டரில் மறுபடி கிள்ளினேன். நன்றாக மெலிந்து, காய்ந்த தோசை மாதிரி. 10 மீட்டருக்கு ஒரு தடவை ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, அந்தக் குமிழ்கள் எல்லாம் நசுங்கிவிடுகின்றன. உடுப்பின் சூடும் போகிறது, மிதப்பும் போகிறது. மேலே மிதந்தவள் கீழே கல்லாக இறங்கிக்கொண்டிருந்தேன். மிதவைச் சட்டையில் காற்றடித்துத்தான் நிறுத்தினேன். ஆழம் போகப்போகக் குளிர் கூடுவதற்குத் தண்ணீரோடு உடுப்பும் காரணம் என்பது படித்துத் தெரிந்த விஷயம்தான். கிள்ளிப் பார்த்தபிறகு தாஸ்மானியாவில் 12 மீட்டருக்குக் கீழே போக வேண்டியதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

பெரியவள் அதை நம்பவில்லை. அவளும் ஒரு கிள்ளு கிள்ளினாள். முகமூடிக்குள் கண் விரிந்தது.


நாள் 7: கடைசி டைவ், மறுபடி பெசுட்

சின்னவன் இப்போது சான்றிதழ் பெற்றவன். காலை எட்டரை மணிக்கு நான், பெரியவள், அவன், எங்களோடு ஒரு டைவ் வழிகாட்டி. 10 மீட்டர் பவளத்திட்டு. கோமாளி மீன்கள் கடற்சாமந்திக்குள் போய்வந்துகொண்டிருந்தன. ஓர் ஆமை எங்களைக் கண்டுகொள்ளாமல் கடற்புல் தின்றது.

35-ஆவது நிமிடத்தில் என் கையில் தட்டினான். திரும்பினேன். இரண்டு கையையும் மார்பில் குறுக்காக வைத்துத் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். 29 டிகிரித் தண்ணீரும் நம் உடம்பைவிடக் குளிர்ந்ததுதான், மூன்று நாளாக இறங்கி ஏறிக் களைத்த உடம்பு வேறு. பெரியவள் ஆமைக்கு எதிரே இருந்தாள், இன்னும் பாதிக் காற்று அவளிடம் இருந்தது. தம்பியைப் பார்த்தாள். ஆமையைப் பார்த்தாள். கட்டைவிரலை மேலே காட்டினாள், ஏறுவோம் என்று.

நைட்ரஜன் வெளியேற 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். படகில் ஏறியதும் அவனே கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுக் காட்டினான். தொட்டது.

பிற்பகல் பெசுட் திரும்பி, அதே கடற்கரையில் கூடாரம். காத்திருக்கிற இரவு. விளக்கைச் சுற்றி உட்கார்ந்து டிசம்பர் திட்டத்தைத் திருத்தினோம். நான் தனியாக எழுதிய பழைய திட்டத்தில் நாளுக்கு இரண்டு டைவ் இருந்தது. இப்போது நாளுக்கு ஒன்றுதான். சின்னவன் மார்னிங்டன் பக்கம் மட்டும் இறங்குவான். பிளிண்டர்ஸ் துறைமேடைக்கு அடியில் நான்கைந்து மீட்டரில் கடற்குதிரைக்கு உறவான களைக் கடற்டிராகன் இருக்கிறது, விக்டோரியா மாநிலத்தின் கடல் சின்னம். ஆண் தன் வாலடியில் முட்டைகளை ஒட்டவைத்துச் சுமக்கும். அதைப் பார்க்க ஆழமும் வேண்டாம், 25 நிமிடத்துக்கு மேலும் வேண்டாம். அவனுக்கு அளவெடுத்து உடுப்பு வாங்கப் போகிறோம். அதற்காகப் பயணத்தில் இரண்டு நாள் குறைகிறது.

ஈகிள்ஹாக் நெக்கில் பெரியவளும் நானும் ஒரே ஒரு டைவ், உள்ளூர் வழிகாட்டியோடு. அவள் கேட்டது ராட்சதக் கடற்பாசிக் காடு. ஒரு நாளில் அரை மீட்டர்கூட வளரக்கூடிய பாசி அது. கடல் சூடாகி, கிழக்குத் தாஸ்மானியாவில் அந்தக் காடுகளில் 95 விழுக்காடு போய்விட்டது. 2012-இல் ஆஸ்திரேலியா அதை அழியும் நிலையிலுள்ள வாழிடம் என்று அறிவித்தது. "இருக்கிறதையாவது பார்க்கணும்மா" என்று இந்த ஒன்றரை ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதை எடுக்க எனக்கு மனமில்லை. பாசியே தென்படாவிட்டாலும் ஏமாறக்கூடாது என்று மட்டும் சொன்னேன். சின்னவனுக்கும் தாத்தாவுக்கும் பிச்செனோ. அந்தி சாய்ந்தபின் சின்னப் பெங்குயின்கள் கடலிலிருந்து வரிசையாகக் கரையேறி வளைக்கு நடக்கும். அன்று எல்லாரும் கரையில்தான்.

தண்ணீரே உள்ளே நுழையாத உலர் உடுப்பு வேண்டாம், அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். மூச்சுக்குக் காற்று தருகிற ரெகுலேட்டரை வாடகைக்கு எடுக்கும்போது குளிர்நீருக்கு ஏற்றதா என்று கேட்க வேண்டும். 10 டிகிரிக்குக் கீழேதான் உறைந்து காற்றைக் கொட்டுகிற ஆபத்து அதிகம், இருந்தாலும் கேட்பதற்குச் செலவில்லை. ஏறியதும் கொதிக்கிற வெந்நீரில் குளிக்கக் கூடாது, கரைந்த வாயு குமிழாகும். காய்ந்த துணி, தொப்பி, இஞ்சித் தேநீர், அவ்வளவுதான். தாஸ்மானியாவில் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் இரண்டு முழு நாள். அந்த இரண்டு நாளும் மலைப்பக்கம் போகாத நாள்கள்.

அப்பா விளக்கடியில் என் உடுப்பை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தார். முகர்ந்து பார்த்தார். "இது கித்தா இல்லையே?" தோட்டத்தில் ரப்பருக்கு அதுதான் பேர்.

"இல்லப்பா. நியோபிரீன். 1930-ல அமெரிக்காவுல டூபான்ட் கம்பெனியில கண்டுபிடிச்ச செயற்கை ரப்பர்."

"அதானே. பால் வாசம் இல்ல."

இப்போது மரத்துப் பாலிலிருந்தே வெட்சூட் செய்கிறார்கள் என்று சொன்னேன். உலர் உடுப்பின் கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீர் நுழையாமல் பிடிக்கிற பட்டைகளைப் பால்ரப்பரிலும் செய்கிறார்கள் என்றும் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார். "அந்த மாதிரி ஒண்ணு சின்னவனுக்குக் கெடைக்குமான்னு பாரு பாப்பா."


நாள் 8: கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, வீடு

நேற்று காலை ஒன்பதரைக்குள் கடைசி டைவ் முடிந்தது. இன்று எட்டு மணிக்குக் கிளம்பினோம், 22 மணி நேரம் ஆகிவிட்டது. ஜெலி தாண்டிச் சாலை 1,000 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. யானை கடக்கும் எச்சரிக்கைப் பலகைகளை எண்ணிக்கொண்டு வந்தார்கள். யானை வரவில்லை, சாணம் மட்டும் சாலையில் கிடந்தது. தெமங்கோர் ஏரிப் பாலத்தில் ஐந்து நிமிடம் நின்றோம்.

கோலகங்சாரில் அப்பா காடியை நிறுத்தச் சொன்னார். 1877-இல் இங்கே நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் நிற்கிறது, வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்து ஊரிலேயே இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு நான் இதைக் காட்டியதே இல்லை. அடிமரம் முடிச்சு முடிச்சாக, ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். அப்பா வேலிக்கு வெளியே நின்று, காற்றிலேயே கையை வைத்து, எந்தச் சாய்வில் உளியை இழுக்க வேண்டும் என்று சின்னவனுக்குக் காட்டினார். இடமேலிருந்து வலக்கீழாக. அவன் செய்து பார்த்தான். "அவசரப்படாத. வெரலு சூடா இருக்கா?" என்றார். அவன் கட்டைவிரலைச் சுண்டுவிரலில் வைத்துக் காட்டினான்.

வீட்டுக்கு வந்து ஐந்து மணி. ஐஸ் போட்ட நீல டிரம் கொல்லையில் அப்படியே நின்றது. உடுப்பு, கையுறை, காலுறை எல்லாவற்றையும் அதில் நல்ல தண்ணீர் நிரப்பி ஊறவைத்திருக்கிறோம். கூடாரத்து முளைகளை அப்பா எண்ணிக்கொண்டிருக்கிறார். பதினேழுதான் இருக்கின்றன. ஒன்று பெசுட் மணலில் கிடக்கும்.